இருவர் பெயர் சொல்லும் இஸ்தான்புல்

அரசனும் அரசியும், சுல்தானும் அவர் மனைவியும் சேர்ந்து உருவாக்கிய ஒரு நகரம். அதைத் தம்பதியாகச் சுற்றிப் பார்க்க ஒரு வழி.

இஸ்தான்புல் போகும் நம்மூர்த் தம்பதிகளில் பலர் அந்த நகரத்தை ஒன்றரை நாளில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். காலையில் நீல மசூதி, மதியம் தோப்காபி அரண்மனை, சாயங்காலம் பாஸ்பரஸில் படகு. மறுநாள் கிராண்ட் பஜாரில் ஒரு சுற்று. அதோடு கப்படோக்கியாவில் பலூன் ஏற விமானம் பிடித்துவிடுகிறார்கள். கி.பி. 330 முதல் 1922 வரை, ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பேரரசுகளின் தலைநகராக இருந்த ஊர் இது. அதற்கு ஒன்றரை நாள் என்பது அநியாயம்.

நானும் என் கணவரும் போனபோது அந்தப் பட்டியலைக் கையில் எடுக்கவே இல்லை. அவர் பொதுப்பணித் துறையில் ஏரி, மதகு, கால்வாய் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கட்டடத்தைப் பார்த்தால் எப்படிக் கட்டினார்கள் என்றுதான் முதலில் கேட்பார். எனக்கு யார் கட்டினார்கள், யாருக்காகக் கட்டினார்கள் என்று தெரிய வேண்டும். அதனால் கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொண்டோம். காலைப் பொழுதில் அவர் சொல்லும் இடம், மாலைப் பொழுதில் நான் சொல்லும் இடம். ஒருவர் கூட்டிக்கொண்டு போனால் மற்றவர் மறுக்காமல் கூட வர வேண்டும்.

நான் பிடித்துக்கொண்ட நூல் ஒன்றே ஒன்றுதான்: இந்த நகரத்தின் தம்பதிகள். இஸ்தான்புல்லின் மிகப் பெரிய கட்டடங்கள் பலவற்றில் ஓர் ஆணின் பெயரோடு ஒரு பெண்ணின் பெயரும் இருக்கிறது. சிலவற்றில் அது கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. வழிகாட்டிகள் அவசரத்தில் அரசன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது பெயரைத் தேடிக்கொண்டு போனால் நகரம் வேறு மாதிரி திறக்கிறது.

கரடிக்காரர் மகளும் சக்கரவர்த்தியும்

தொடங்க வேண்டிய இடம் சுல்தான்அகமது சதுக்கம். பூச்செடியும் பெஞ்சுமாக இன்று பூங்கா போல இருக்கும் இந்த நீண்ட திடல்தான் பைசாந்தியக் காலத்தின் ரதப் பந்தய மைதானம். நடுவில் நிற்கும் கல்தூண் எகிப்தில் மூன்றாம் துத்மோஸ் மன்னன் கர்னாக் கோயிலில் நிறுவியது. தியோடோசியஸ் சக்கரவர்த்தி 390-ல் அதை இங்கே நிமிர்த்தினார். பக்கத்தில், கிரேக்கத்தின் டெல்ஃபியிலிருந்து கொண்டுவந்த வெண்கலப் பாம்புத் தூண் ஒரு குழிக்குள் நிற்கிறது. என் கணவர் அந்தக் குழியைத்தான் ரொம்ப நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதும்மா அந்தக் காலத்துத் தரைமட்டம். நாம நிக்கிறது அதுக்கு மேல சேர்ந்த மண்ணு” என்றார்.

இந்த மைதானத்தில் கரடிகளைப் பராமரித்த ஒருவரின் மகள்தான் தியோடோரா. தந்தை இறந்த பிறகு மேடை நடிகையானவர். உயர்குடி ஆண்கள் நடிகைகளை மணக்க அன்றைய ரோமச் சட்டம் தடை விதித்திருந்தது. தியோடோராவை மணக்க விரும்பினார் ஜஸ்டினியன். அவருடைய மாமாவும் அப்போதைய சக்கரவர்த்தியுமான ஜஸ்டின் சட்டத்தையே திருத்தி வழிவிட்டார். 527-ல் இருவரும் முடிசூடினார்கள்.

532 ஜனவரியில் இதே மைதானத்தில் நிக்கா கலவரம் வெடித்தது. பந்தயத்தின் நீலக் கட்சியும் பச்சைக் கட்சியும் சேர்ந்து அரசனுக்கு எதிராகத் திரும்பின. நகரம் பற்றி எரிந்தது, பழைய தேவாலயமும் எரிந்து போனது. துறைமுகத்தில் கப்பல் தயாராக இருக்க, ஓடிவிடலாமா என்று அரசவை யோசித்துக்கொண்டிருந்தது. அப்போது எழுந்து, ஓடக் கூடாது என்று பேசியவர் தியோடோராதான் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் பதிவு செய்திருக்கிறார். ஜஸ்டினியன் ஓடவில்லை. கலகம் ஒடுக்கப்பட்டது. அது பெரும் ரத்தக்களறி. இந்த மைதானத்தில் 30,000 பேர் கொல்லப்பட்டதாக அன்றைய பதிவுகள் சொல்கின்றன. இன்று குழந்தைகள் ஓடியாடும் திடல் அது என்பதை நினைத்துக்கொண்டுதான் அங்கே நடக்க முடிந்தது.

எரிந்த தேவாலயம் இருந்த இடத்தில் சில வாரங்களிலேயே புதியதைத் தொடங்கினார் ஜஸ்டினியன். அதுதான் ஹாகியா சோஃபியா. திராலெஸ் ஊரின் ஆந்தெமியஸ், மிலெட்டஸ் ஊரின் இசிடோர் என்ற இரண்டு கணித வல்லுநர்கள் வடிவமைத்தார்கள். 537 டிசம்பர் 27-ல் திறப்பு விழா. அதாவது, ஆறே வருடத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. குவிமாடத்தின் விட்டம் ஏறக்குறைய 31 மீட்டர், உயரம் 55 மீட்டர். சதுரமான அடித்தளத்தின் மேல் வட்டக் குவிமாடத்தை உட்கார வைக்க நான்கு மூலைகளிலும் வளைந்த முக்கோணத் தாங்கிகள் இருக்கின்றன. 558-ல் முதல் குவிமாடம் சரிந்தது. அடுத்ததை இன்னும் உயரமாக எழுப்பினார்கள்.

என் கணவர் அந்த முக்கோணங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் தூண்களின் தலைப்பகுதியைப் பார்த்தேன். பின்னல் வேலைப்பாடு போலக் குடைந்து செதுக்கிய பளிங்கு. அதன் நடுவே ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒன்றோடொன்று கோத்த கிரேக்க எழுத்துகள். சில தூண்களில் அது ஜஸ்டினியனின் பெயர் முத்திரை, சிலவற்றில் தியோடோராவின் பெயர் முத்திரை. கரடிக்காரரின் மகள் பெயரை அன்றைய உலகின் ஆகப் பெரிய ஆலயத்தில் அரசன் பெயருக்குச் சமமாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

இது அலங்காரத்துக்காகச் செய்ததும் இல்லை. 535-ல் ஜஸ்டினியன் இயற்றிய ஒரு சட்டத்தின் வாசகத்திலேயே, மனைவியைக் கலந்துகொண்டுதான் இதைச் செய்வதாக எழுதியிருக்கிறார். அந்தச் சட்டப்படி மாகாண ஆளுநர்கள் பதவியேற்கும்போது அரசன், அரசி இருவர் பெயரிலும் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். 548-ல் தியோடோரா இறந்தார். அதன் பிறகு 17 ஆண்டுகள் வாழ்ந்த ஜஸ்டினியன் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

மாடத்தில் மூன்று முகங்கள்

ஹாகியா சோஃபியா 1453-ல் பள்ளிவாசலாகி, 1935-ல் அருங்காட்சியகமாகி, 2020 ஜூலையில் மறுபடி பள்ளிவாசலானது. 2024 ஜனவரியிலிருந்து கீழ்த்தளம் தொழுகைக்கு மட்டும். வெளிநாட்டுப் பயணிகள் கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்குப் போகலாம். கீழே நிற்க முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். தம்பதிகளைத் தேடுகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் மேலேதான் இருக்கிறது.

மேற்கு மாடத்தில் தரையில் பதித்த ஒரு பச்சைக் கல்வட்டம் இருக்கிறது. வழிபாட்டின்போது அரசியின் ஆசனம் போட்ட இடம் அது. தெற்கு மாடத்தின் கோடியில் பொன் பின்னணியில் இரண்டு மொசைக் ஓவியங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பயணிகள் பெரும்பாலும் அவற்றின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். அங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

முதல் ஓவியத்தில் நடுவில் இயேசு, ஒரு பக்கம் கையில் காசுப் பையோடு சக்கரவர்த்தி ஒன்பதாம் கான்ஸ்டன்டைன், மறுபக்கம் சுருளோடு பேரரசி ஸோயி. கான்ஸ்டன்டைனின் தலைக்கு மேலே உள்ள எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள். அந்த இடத்தில் முன்பு வேறு பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு இந்தப் பெயரை இடுக்கி நுழைத்திருக்கிறார்கள். முகத்தைச் சுற்றியுள்ள கற்களும் உடம்புக் கற்களோடு சரியாகச் சேராமல் தனித்துத் தெரிகின்றன. காரணம் எளிது. ஸோயிக்கு மூன்று முறை திருமணமானது. 1042-ல் கான்ஸ்டன்டைனை மணந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அரச ரத்தம் அவருடையது. அவரை மணந்தவர்களுக்கு அந்த உரிமையால்தான் அரியணை கிடைத்தது. புதுக் கணவர் வந்ததும் பழைய முகத்தைப் பெயர்த்துவிட்டுப் புதியதைப் பதித்தார்கள்.

அடுத்த ஓவியத்தில் நடுவில் குழந்தையோடு மரியாள், இரு பக்கமும் சக்கரவர்த்தி இரண்டாம் ஜான், அவர் மனைவி ஐரீன். ஐரீன் ஹங்கேரியிலிருந்து மருமகளாக வந்த இளவரசி. பொன்னிறப் பின்னல், சிவந்த கன்னம் என்று அந்த வெளியூர்ச் சாயலை மொசைக் கலைஞர் மறைக்காமல் காட்டியிருக்கிறார். இந்தத் தம்பதி எழுப்பிய பாண்டோக்ரேட்டர் மடம் இன்று ஸெய்ரெக் பள்ளிவாசல். அந்த மடத்தோடு 50 படுக்கை மருத்துவமனை ஒன்று இருந்தது. 1136-ல் எழுதப்பட்ட அதன் நடைமுறை விதிகள் இன்றும் கிடைக்கின்றன. பெண் நோயாளிகளுக்குத் தனிப் பகுதியும் ஒரு பெண் மருத்துவரும் இருக்க வேண்டும் என்று அதில் விதி செய்திருக்கிறார்கள். ஏறத்தாழ 900 வருடத்துக்கு முந்தைய ஏற்பாடு இது.

கூட்டமில்லாத சின்னப் பள்ளிவாசல்

சதுக்கத்திலிருந்து மர்மரா கடல் பக்கம் சரிவில் பத்து நிமிடம் இறங்கினால் ‘குச்சுக் அயாசோஃபியா’ வரும். சுற்றுலாப் பேருந்துகள் இங்கே வருவதில்லை. ஜஸ்டினியனும் தியோடோராவும் பெரிய ஆலயத்துக்கு முன்பே எழுப்பிய செர்ஜியஸ், பாக்கஸ் தேவாலயம் இது. பின்னாளில் பள்ளிவாசலானது. கட்டணம் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் துணி போட்டுக்கொண்டு உள்ளே போனேன். தொழுகை நேரம் இல்லாததால் ஓரிருவர்தான் இருந்தார்கள்.

எண்கோண வடிவில் தூண்கள், மேலே பதினாறு மடிப்புக் குவிமாடம். கீழ்த்தளத் தூண்களுக்கு மேலே கூடத்தைச் சுற்றி ஒரு பளிங்குப் பட்டை ஓடுகிறது. அதில் கிரேக்க எழுத்துகளைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அகலம் இருக்கும். எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொடி, இலை வேலைப்பாடு. ஜஸ்டினியனைப் போற்றித் தொடங்கி, தியோடோராவின் பெயர் சொல்லி, ஏழைகளுக்காக ஓயாது உழைப்பவர் என்று அவரைப் பாராட்டி முடிகிறது அந்தக் கல்வெட்டு. படிக்கத் தெரியாவிட்டாலும், கூடத்தைச் சுற்றி நடந்தபடியே கண்ணால் அதைத் தொடர முடிந்தது. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஹாகியா சோஃபியாவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர்கள் இதற்கு அரை மணி ஒதுக்கினாலே போதும்.

வெளியே, பழைய மதரஸா முற்றத்தில் மரத்தடியில் டீக்கடை. நடுவில் ஒடுங்கிய குட்டிக் கண்ணாடி டம்ளரில், பாலில்லாத செந்நிறத் தேநீர் வந்தது. அதன் முன்னால் உட்கார்ந்துதான் நாங்கள் அன்று பார்த்ததையெல்லாம் பேசி முடித்தோம்.

தரைக்குக் கீழே 8 கோடி லிட்டர்

மறுநாள் காலை என் கணவரின் முறை. ஹாகியா சோஃபியாவுக்கு எதிரே தரைக்கடியில் இருக்கும் பாசிலிக்கா நீர்த்தொட்டிக்கு அழைத்துப் போனார். இதுவும் நிக்கா கலவரத்துக்குப் பிறகு ஜஸ்டினியன் விரிவாகக் கட்டியதுதான். 9 மீட்டர் உயரத்தில் 336 தூண்கள், வரிசைக்கு 28 வீதம் 12 வரிசைகள். கொள்ளளவு 80,000 கன மீட்டர். “எட்டுக் கோடி லிட்டரும்மா” என்று அங்கேயே கணக்குப் போட்டுச் சொன்னார்.

இந்த நகரத்துக்கு மூன்று பக்கம் தண்ணீர் இருந்தும் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. முற்றுகை வந்தால் தாகத்தில் செத்துப் போவார்கள். அதனால் தொலைவில் உள்ள காட்டுப் பகுதிகளிலிருந்து கால்வாய் வழியாக நீரைக் கொண்டுவந்து, தரைக்கடியில் தொட்டிகளில் தேக்கினார்கள். வாலன்ஸ் சக்கரவர்த்தி காலத்து நீர்ப்பாலத்தின் வளைவுகள் இன்றும் ஒரு பெரிய சாலையின் மேலே நிற்கின்றன. கார்கள் அடியில் புகுந்து போகின்றன. பல இடங்களில் இடித்த கட்டடங்களின் தூண்களையே கொண்டுவந்து பாசிலிக்கா தொட்டிக்குள் நட்டதால் ஒன்றைப் போல ஒன்று இல்லை. கோடியில் இரண்டு தூண்களுக்கு அடிக்கல்லாக மெடூசாவின் தலைகள் கிடக்கின்றன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தும் மற்றது தலைகீழாகவும் இருக்கிறது. எல்லோரும் அதற்குக் கதை தேடுகிறார்கள். தூணின் உயரத்துக்குப் பொருந்தும்படி கல்லைத் திருப்பி வைத்திருப்பார்கள் என்பது என் கணவரின் கருத்து. ஆய்வாளர்கள் சிலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பின்னாளில் நகரம் இந்தத் தொட்டியையே மறந்துவிட்டது. 16-ம் நூற்றாண்டில் பெத்ருஸ் ஜில்லியஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் வந்தபோது, மேலே குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டுத் தரைத் துவாரம் வழியாக வாளி விட்டுத் தண்ணீர் இறைத்ததையும் மீன் பிடித்ததையும் பார்த்து, கீழே இறங்கி இதைக் கண்டறிந்தார். தனியாக வந்திருந்தால் நான் மெடூசாவைப் பார்த்துவிட்டு வெளியேறியிருப்பேன். கூட இருந்தவரால் ஒரு நகரம் எப்படித் தாகம் தீர்த்துக்கொண்டது என்று தெரிந்துகொண்டேன்.

சுலைமானும் ஹுர்ரெமும்

ஜஸ்டினியனுக்குப் பிறகு ஆயிரம் ஆண்டுகள் கழித்து இதே ஊரில் இன்னொரு தம்பதி. இன்றைய உக்ரைன் பகுதியிலிருந்து அடிமையாகப் பிடித்து வரப்பட்ட பெண் ஹுர்ரெம். ஐரோப்பியர்கள் ரொக்ஸலானா என்று அழைத்தார்கள். ஒட்டோமான் சுல்தான்கள் அந்தப்புர அடிமைப் பெண்களை முறைப்படி மணப்பதில்லை என்பது அன்றைய வழக்கம். அந்த வழக்கத்தை உடைத்து, ஹுர்ரெமை விடுதலை செய்து, 1530-களில் மணந்தார் முதலாம் சுலைமான். ‘முஹிப்பி’ என்ற புனைபெயரில் அவளுக்காகக் கவிதைகளும் எழுதினார்.

ஹுர்ரெமைச் சூழ்ச்சிக்காரியாக மட்டும் காட்டும் தொலைக்காட்சித் தொடர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அரண்மனை அரசியலில் அவருக்குப் பங்கு இருந்தது உண்மை. ஆனால் அவர் விட்டுப்போனது அது மட்டும்தானா? ஹாகியா சோஃபியாவுக்கும் நீல மசூதிக்கும் நடுவே நிற்கும் குளியல் மாளிகை அவர் பெயரில் அரசவைக் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது. சுமார் 75 மீட்டர் நீளம். ஆண்களுக்கு ஒரு பாதி, பெண்களுக்கு மறு பாதி. இரண்டும் ஒரே அளவு, ஒரே வேலைப்பாடு. ஹசேகி பகுதியில் பள்ளிவாசல், கல்விக்கூடம், அன்னசத்திரம், மருத்துவமனை என்று ஒரு வளாகம் எழுப்பினார். அங்கே அந்தப் பெயரில் இன்றும் ஒரு மருத்துவமனை இயங்குகிறது. ஜெருசலேமில் 1552-ல் அவர் தொடங்கிய அன்னசத்திரம் இன்றும் ஏழைகளுக்குச் சோறு போடுகிறது.

சுலைமானியா பள்ளிவாசலை 1550-களில் சினான் கட்டி முடித்தார். குன்றின் மேல் இருப்பதால் அதன் முற்றத்திலிருந்து கோல்டன் ஹார்ன் கழிமுகம் முழுவதும் தெரிகிறது. உள்ளே வெளிச்சமும் அமைதியும். ஆயிரக்கணக்கில் எரிந்த விளக்குகளின் புகைக் கரியை ஓர் அறைக்கு இழுத்துச் சேர்த்து, அதிலிருந்து மை தயாரிக்கும்படி காற்றோட்டத்தை அமைத்திருந்தார் சினான் என்று சொல்கிறார்கள். இதைக் கேட்டதும் என் கணவர் வாசலுக்கு மேலே அந்த அறையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் ரோஜாச் செடிகளும் தலைப்பாகை வைத்த கல்லறைக் கற்களுமாக ஒரு தோட்டம். அங்கே இரண்டு கல்லறை மாடங்கள் அருகருகே நிற்கின்றன. பெரியது சுலைமானுடையது, சிறியது ஹுர்ரெமுடையது. ஹுர்ரெம் 1558-ல் இறந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து ஹங்கேரிப் போர்முனையில் இறந்த சுலைமானின் உடலைக் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். ஹுர்ரெமின் மாடத்துக்குள் இஸ்னிக் ஓடுகளில் பூத்த மரங்கள். நீலமும் பச்சையும் பவளச் சிவப்புமாக அந்த நிறங்கள் 450 ஆண்டுக்குப் பிறகும் மங்கவில்லை. பெரிய மாடத்தில் வரிசை நிற்கிறது. சிறியதில் அன்று நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம்.

படகில் ஆசியாவுக்கு

எமினோனு படித்துறையிலிருந்து உஸ்குதாருக்குப் பொதுப் படகில் கால் மணி நேரம். ஏறும்போது ஐரோப்பா, இறங்கும்போது ஆசியா. விலை கூடிய உல்லாசப் படகுகளைவிட இந்த ஊர்க்காரர்களின் படகுதான் நல்லது. ஆபீஸ் முடிந்து வீடு திரும்புகிறவர்கள், காய்கறிப் பையோடு பாட்டிகள், தட்டில் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வரும் பையன் என்று பக்கத்து இருக்கையில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. எள் தூவிய ‘சிமித்’ ரொட்டியைப் பிய்த்து வீசினால் கடற்பறவைகள் அந்தரத்திலேயே கவ்வுகின்றன.

உஸ்குதாரில் இறங்கியதும் எதிரே நிற்பது சுலைமான், ஹுர்ரெம் தம்பதியின் மகள் மிஹ்ரிமாவின் பள்ளிவாசல். இதையும் 1540-களில் சினான்தான் கட்டினார். நகரத்தின் மறு கோடியில் எதிர்னேகாபியில் மிஹ்ரிமாவுக்கு இன்னொரு பள்ளிவாசலும் கட்டினார். சினான் அவளைக் காதலித்ததாகவும் அதனால்தான் அவள் பெயரில் இரண்டு பள்ளிவாசல்கள் என்றும் ஊரில் ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கதையைக் கேட்டு ரசிக்கலாம், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரையோரம் கல்யாண உடையில் ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். துருக்கியில் 1926 சிவில் சட்டத்துக்குப் பிறகு பதிவுத் திருமணம்தான் செல்லும். பலதார மணமும் அந்தச் சட்டத்தோடு ஒழிந்தது. பதிவு மேசையில் கையெழுத்துப் போட்டதும் யார் முதலில் மற்றவர் காலை மிதிக்கிறார்களோ அவர் பேச்சுதான் வீட்டில் எடுபடும் என்று ஒரு நம்பிக்கை. நம்மூரில் அம்மி மிதிப்பது போல, அங்கே மணமகள் மணமகன் காலைச் சட்டென்று மிதிக்க, மண்டபமே கைதட்டும். பெண் கேட்க வரும் மாப்பிள்ளைக்குப் பெண் உப்புப் போட்ட காபி கொடுப்பது இன்னொரு வழக்கம். முகம் சுளிக்காமல் குடித்தால் பையன் தேறிவிட்டான்.

கற்பனை ஜோடிக்கு ஒரு வீடு

ஓர்ஹான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ நாவலை ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் படித்த தமிழ் வாசகர்கள், சுகுர்ஜுமா தெருவில் உள்ள ‘களங்கமின்மையின் அருங்காட்சியகம்’ போகாமல் திரும்பக் கூடாது. அதே பெயருள்ள தன் நாவலில் வரும் கெமால், ஃபியூசன் என்ற காதலர்களுக்காக 2012-ல் பாமுக் திறந்த வீடு இது. நாவலின் 83 அத்தியாயங்களுக்கும் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி. வாசலுக்கருகே ஒரு சுவர் முழுக்க ஃபியூசன் புகைத்ததாகச் சொல்லும் 4,213 சிகரெட் துண்டுகள் ஊசியில் குத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் உதட்டுச் சாயம் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் பாமுக்கின் கையெழுத்தில் ஒரு வரி. உப்புக் குப்பி, சாவி, காது வளையம், பழைய சினிமா டிக்கெட் என்று 1970-களின் இஸ்தான்புல் நடுத்தர வர்க்க வீடே அங்கே இருக்கிறது. நாவலை எடுத்துப் போனால், அதில் அச்சிட்டிருக்கும் நுழைவுச்சீட்டில் முத்திரை குத்தி இலவசமாக விடுகிறார்கள்.

சைவத்துக்குப் பஞ்சமில்லை

நான் சைவம், அவர் அசைவம். இருவருக்கும் ஒரே மேசையில் சாப்பாடு கிடைத்தது. செம்பருப்பை அரைத்துச் செய்யும் ‘மெர்ஜிமெக்’ சூப், எலுமிச்சை பிழிந்து குடித்தால் வயிற்றுக்கு இதம். சில இடங்களில் எலும்புச் சாறு சேர்ப்பார்கள். கேட்டுக்கொள்ள வேண்டும். ‘எத்ஸிஸ்’ என்றால் இறைச்சி இல்லாதது. கீரையும் பாலாடைக் கட்டியும் வைத்துச் சுடும் ‘கொஸ்லெமே’, ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த கத்தரிக்காய் ‘இமாம் பயில்தி’, அரிசி அடைத்த திராட்சை இலை எல்லாம் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும். அசைவக்காரர்களுக்கு கலாத்தா பாலத்தடியில் மீன் ரொட்டி. பாலத்தின் மேலே தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* இந்தியர்களுக்கு விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசா கையில் இருப்பவர்கள் இணையம் வழியாக இ-விசா பெறலாம். விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும் முன் அரசு இணையதளத்தில் சரிபாருங்கள்.

* தோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, களங்கமின்மையின் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு விடுமுறை. வெள்ளி மதியம் பள்ளிவாசல்களில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.

* ‘இஸ்தான்புல்கார்ட்’ வாங்கிக்கொள்ளுங்கள். டிராம், மெட்ரோ, பொதுப் படகு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். டி1 டிராம் சுல்தான்அகமது, எமினோனு, கராகோய் மூன்றையும் இணைக்கிறது.

* ஊர் முழுக்க ஏற்ற இறக்கம், கல் பாவிய தெரு. மூட்டு வலி உள்ளவர்கள் கராகோயிலிருந்து பெயோலு மேட்டுக்கு ‘தூனெல்’ ரயிலில் ஏறலாம். 1875-ல் திறந்தது. லண்டனுக்கு அடுத்தபடியாக உலகின் இரண்டாவது பழைய சுரங்க ரயில் இதுதான்.

* பெண்கள் கைப்பையில் ஒரு துப்பட்டா எப்போதும் இருக்கட்டும்.

இருவர் கண்ணால் ஒரு நகரம்

நம் வீடுகளில் தம்பதிகளின் பயணம் என்பது எப்போதும் கடைசியில் நிற்கிறது. பிள்ளை படிப்பு முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும், பெண் கல்யாணம் நடக்கட்டும் என்று தள்ளிப் போட்டு, கடைசியில் கிளம்பும்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. கிளம்பினாலும் பத்து நாளில் ஆறு நாடு. பேருந்தில் தூங்கி, ஓட்டலில் பெட்டி கட்டி, ஆளுக்கொரு போனில் படம் எடுத்துத் திரும்புகிறோம். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் அந்தப் பத்து நாளிலும் ஒருவருக்கொருவர் நாலு வார்த்தை கூடப் பேசியிருக்க மாட்டார்கள்.

பணம் எல்லோரிடமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இஸ்தான்புல்தான் போக வேண்டும் என்றும் இல்லை. கொழும்போ பினாங்கோ எதுவானாலும் இதே முறை பலிக்கும். ஒரே ஊரைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே தங்குங்கள். கணவருக்குப் பிடித்ததை மனைவியும் மனைவிக்குப் பிடித்ததைக் கணவரும் முறை வைத்துப் பாருங்கள். பார்த்ததை அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். கட்டியவர்கள் பெயரைக் கேட்கும்போது, கூட இன்னொரு பெயர் உண்டா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். அடுத்த வருடம் என்று தள்ளாமல், இருவருக்கும் நடக்கத் தெம்பு இருக்கும்போதே தேதியைக் குறியுங்கள்.